குறிச்சொல்லும் கூட்டுக் கல்வியும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெயரளவில் புதியது. ஆயினும் அதன் கருத்து நமக்கு நெடுங்காலமாகப் பழகியதே. ஆகவே, ஊரில் உள்ள ஒரு வயலிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

நம் ஊர்களில் ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று சர்வே எண். அது பட்டாவிலும் அடங்கலிலும் எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்று ஊரார் வழங்கும் பெயர். 'புளியமரத்துக் கொல்லை' என்கிறோம். 'ஐயனார் கோயில் மேடு' என்கிறோம். 'கிணற்றடி வயல்' என்கிறோம். பத்திரம் எழுதவும் வரி செலுத்தவும் சர்வே எண் வேண்டும். நடவுக்கு ஆள் அனுப்புவதற்கோ, ஊரார் வைத்த பெயரே வேண்டும். சர்வே எண்ணைச் சொல்லி வரச் சொன்னால் வேலையாள் வழி தெரியாமல் திகைப்பார். 'புளியமரத்துக் கொல்லைக்கு வாருங்கள்' என்றால் பொழுது விடியுமுன் வந்து நிற்பார்.

சர்வே எண்ணை இட்டவர் அளவை அதிகாரி. ஊர்ப் பெயரை இட்டவர் யார் என்று கேட்டால் விடை கூற இயலாது. யாரோ ஒருவர் அவ்வாறு அழைத்தார். கேட்ட மற்றவர்களும் அவ்வாறே அழைத்தனர். நாளடைவில் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பெயர் சட்டத்தின் முறைக்கு உதவுகிறது. மற்றது தேடிச் செல்பவனுக்கு உதவுகிறது. இரண்டில் எதையும் நாம் தள்ளிவிட இயலாது.

கல்விச் செய்திகளுக்கும் இவ்வாறே இரண்டு வகைப் பெயர் வேண்டும் என்பதும், இரண்டாவது வகைப் பெயரை இடும் பொறுப்பு ஊராருக்கு உரியது என்பதும், அவ்வாறு இட்டவற்றை ஒருவர் கையில் மட்டும் விட்டுவைத்தலாகாது என்பதுமே இன்று நாங்கள் கூற விரும்பும் கருத்துகள்.

மறைந்துபோன ஒரு பட்டியல்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா நோய்த் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். அக்காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் பணியாற்றி வந்தார். அவர் இரவு பகலாக இணையத்தில் தேடி, பாடங்களுக்கு ஏற்ற காணொளிகளையும் படக்கட்டுரைகளையும் தேர்ந்தெடுத்தார். அவற்றின் முகவரிகளை மாணவரின் பெற்றோர் வைத்திருந்த கைப்பேசிகளுக்கு வாட்ஸ்அப் வழியாக அனுப்பி வந்தார். பூவின் பாகங்கள், மண்ணின் வகைகள், நிலத்தடி நீர், மின்சுற்று என்று ஒவ்வொன்றுக்கும் நல்ல செய்திகள் கிடைத்தன. பிள்ளைகள் பயன் அடைந்தனர் என்பதில் ஐயமில்லை.

பள்ளிகள் மீண்டும் திறந்தன. பின்னர் அவ்வாசிரியர் வேறோர் ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். அடுத்து வந்த ஆசிரியர், முன்பு அனுப்பியவற்றைக் காண விரும்பினார். குழுவில் அவை இருந்தன. ஆனால் காலை வணக்கப் படங்களுக்கும் வீட்டுப்பாட அறிவிப்புகளுக்கும் அடியில் புதைந்து கிடந்தன. எது எந்த வகுப்புக்கு உரியது என்று எழுதப்படவில்லை. சில பெற்றோர் கைப்பேசியை மாற்றியபோது அவையும் அழிந்துவிட்டன. முன்னவர் பல மாதங்கள் உழைத்துச் சேர்த்ததைப் பின்னவர் முதலிலிருந்து மீண்டும் தேட வேண்டியதாயிற்று.

இதில் எவர் மீதும் குற்றம் இல்லை. செய்தியை அனுப்பத் தெரிந்திருந்தது. அதற்குக் குறி இட்டு, பொது இடத்தில் சேர்த்து வைக்கும் முறை மட்டுமே இல்லை. அறுத்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதை ஒத்தது இது. இத்தகைய இழப்பு எத்தனை ஊர்களில் நேர்ந்திருக்கும் என்பதைக் கூறவும் வேண்டுமோ!

பக்கக்குறி என்பது யாது?

இக்குறையைத் தீர்ப்பதற்கான முறை ஒன்று இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது. புத்தகம் படிப்பவர், திரும்பப் பார்க்க வேண்டிய பக்கத்தில் ஒரு காகிதத் துண்டையோ மயிலிறகையோ வைப்பது வழக்கம் அன்றோ? இணையத்தில் ஒரு பக்கத்தைக் கண்டு, அதன் முகவரியைக் குறித்து வைப்பதும் அத்தகையதே. இதனைப் பக்கக்குறி என்கிறோம். அதன் பக்கத்தில் அது எதைப் பற்றியது என்று எழுதும் ஓரிரு சொற்களைக் குறிச்சொல் என்கிறோம்.

அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் தாம் கண்ட இணையப் பக்கங்களின் முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி, அவற்றோடு சில சொற்களையும் குறித்து வந்தார். இப்பழக்கமே வளர்ந்து, 2003-ஆம் ஆண்டில் 'டெலிஷியஸ்' என்னும் பொதுச் சேவையாயிற்று. அதில் எவரும் தமக்கு வேண்டிய பக்கத்தைக் குறித்து, தாம் விரும்பும் குறிச்சொற்களை இட்டு வைக்கலாம். தமக்காகக் குறித்ததை மற்றவரும் காணலாம் என்பதே அதன் சிறப்பு. 'மண்' என்ற குறிச்சொல்லைத் தொட்டால், அச்சொல்லை இட்ட அனைவரும் சேர்த்த பக்கங்கள் ஒருங்கே தோன்றும். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தி வந்தனர்.

இவ்வாறு பொதுமக்களே இட்ட பெயர்களால் உருவாகும் வகைப்பாட்டுக்கு, தாமஸ் வாண்டர் வால் என்பவர் 2004-ஆம் ஆண்டில் 'ஃபோக்சானமி' என்று பெயர் சூட்டினார். 'மக்கள் வகைப்பாடு' என்று நாம் அதனைத் தமிழில் கூறலாம். புளியமரத்துக் கொல்லைக்குப் பெயர் வந்த முறையே இம்முறை.

ஒரு பொருளுக்குப் பல பெயர்

நூல்களில் ஏற்கெனவே தலைப்புகள் உள்ளனவே, மக்கள் வேறு ஏன் பெயரிட வேண்டும் என்று உங்களில் சிலர் வினவலாம். அதற்கு விடை நம் வயல்களிலேயே இருக்கிறது.

கேழ்வரகை எடுத்துக்கொள்வோம். நூலில் கேழ்வரகு என்று எழுதியிருக்கும். சேலம், தருமபுரிப் பக்கங்களில் அதனை ராகி என்பர். தென் மாவட்டங்களில் கேப்பை என்பர். மரவள்ளியைச் சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். கன்னியாகுமரியார் மரச்சீனி என்பர். நிலக்கடலையை வேர்க்கடலை என்பாரும், மல்லாட்டை என்பாரும் உண்டு. நெற்பயிரின் அடித்தூரில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சி, வயலை வட்ட வட்டமாகத் தீய்ந்ததுபோல ஆக்கும் பூச்சியை உழவர் புகையான் என்கின்றனர். நூல் எழுதுவோர் அதனையே பழுப்புத் தத்துப்பூச்சி என்றும் குறிப்பிடுகின்றனர். 'பழுப்புத் தத்துப்பூச்சி' என்ற தலைப்பில் மிக நல்ல கட்டுரை ஒன்று இணையத்தில் இருக்கலாம். 'புகையான்' என்று தேடும் உழவரின் மகனுக்கு அது கண்ணில் படாமலே போகலாம். கட்டுரை உண்டு, தேடுபவனும் உண்டு, இருவரையும் இணைக்கும் சொல் மட்டும் இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. அமெரிக்காவில் ஃபர்னாஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே பொருளைக் குறிக்க இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டனர். ஐந்து முறை பார்த்தால் சராசரியாக ஒரு முறைகூட இருவர் சொல்லும் ஒத்திருப்பதில்லை. ஆகவே, ஒருவர் இடும் ஒரே பெயரை நம்பி நூலையோ பாடத்தையோ வைத்தால், தேடி வருவோரில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புவர். அவ்வாராய்ச்சியாளர் கூறிய பரிகாரமும் எளியதே: ஒரு பொருளைப் பல சொற்களாலும் அடையும்படி வைக்க வேண்டும். அப்பல சொற்களைத் தரக்கூடியவர் யார்? அப்பொருளைப் பல ஊர்களில் பல பெயரால் அழைக்கும் மக்களே அல்லவா?

பலர் கூடினால் குழப்பம் விளையாதா?

ஆளுக்கொரு பெயர் இட்டால் சந்தைக் கூச்சல் ஆகிவிடும் என்ற அச்சம் இயற்கையே. இதனையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஹியூலெட் பக்கார்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹூபர்மன் ஆகிய இருவரும் டெலிஷியஸ் சேவையில் மக்கள் இட்ட குறிச்சொற்களை ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பக்கத்தை ஏறத்தாழ நூறு பேர் குறித்து முடித்தபின், எந்தச் சொல் எவ்வளவு பங்கு பெறுகிறது என்பது பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். எவரும் ஆணையிடாமலே, முன்னவர் இட்டதைப் பார்த்தும், தம் அறிவுக்கு எட்டியபடியும் மக்கள் ஒருவாறு இசைந்து விடுகின்றனர். எனினும், 'பிறகு படிக்க' என்பது போன்ற சொற்களைச் சிலர் தமக்காக மட்டும் இடுவதையும் அவர்கள் சுட்டியுள்ளனர். இட்டவருக்கு அதனால் பயன் உண்டு, பிறருக்கு இல்லை.

மற்றோர் எடுத்துக்காட்டையும் கூறுவோம். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் உலகின் மிகப் பெரிய நூலகங்களுள் ஒன்று. அது 2008-ஆம் ஆண்டு சனவரியில் தன்னிடமுள்ள பழைய புகைப்படங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 'ஃப்ளிக்கர்' என்னும் இணையச் சேவையில் வெளியிட்டு, 'இவற்றுக்கு நீங்களே குறிச்சொல் இடுங்கள்' என்று பொதுமக்களை அழைத்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்துக்குள் 2,518 கணக்குகளிலிருந்து 67,176 குறிச்சொற்கள் வந்து சேர்ந்தன. படத்தில் உள்ள ஊர் எது, மனிதர் யார், பொறி யாது என்று அறிந்தவர்கள் தாமே முன்வந்து எழுதினர். அவ்வாறு வந்த செய்திகளைச் சரிபார்த்து, 500-க்கும் மேற்பட்ட நூலகப் பதிவுகளை நூலகத்தார் திருத்திக்கொண்டனர். தகாதவை என்று நீக்க நேர்ந்தவை 25 இடங்களுக்கும் குறைவே.

இதிலிருந்து நாம் இரண்டு உண்மைகளை அறிகிறோம். பொதுமக்களிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பெரும்பாலோர் அதனைச் செம்மையாகவே செய்கின்றனர். ஆனால் வந்ததை அப்படியே ஏற்காமல், சரிபார்க்க ஒருவர் வேண்டும். காங்கிரஸ் நூலகத்தில் நூலகர் அவ்வேலையைச் செய்தார். ஊரில் அதனை ஆசிரியரும் நூலகரும் செய்தல் தகும்.

மாணவன் பெறும் பயன்

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தார் 2005-ஆம் ஆண்டை ஒட்டிப் 'பென்டேக்ஸ்' என்ற பக்கக்குறி முறையை அமைத்தனர். மாணவரும் ஆசிரியரும் இணையப் பக்கங்களை மட்டுமன்றி, நூலகப் பட்டியலிலுள்ள நூல்களையும் கட்டுரைகளையும் குறித்து, குறிச்சொல் இட்டு, சிறு விளக்கமும் எழுதி வைத்தனர். ஒரு பாடத்துக்காக ஒரு மாணவன் சேர்த்த பட்டியல், பின்னர் அதே பாடத்தைப் படிக்க வந்தவனுக்குத் தொடக்கமாக உதவிற்று. 2006-ஆம் ஆண்டில் தோன்றிய 'டீகோ' என்ற சேவை, வகுப்பு முழுவதும் ஒரு குழுவாகச் சேர்ந்து பக்கங்களைக் குறிக்கும் வசதியை ஆசிரியர்களுக்கு அளித்தது.

இதனால் மாணவனுக்குக் கிடைப்பது பட்டியல் மட்டும் அன்று. ஒரு கட்டுரைக்கு மூன்று குறிச்சொற்களை இடு என்று மாணவனிடம் கூறுங்கள். அவன் முதலில் அதனை முழுவதும் படிக்க வேண்டும். அது எதைப் பற்றியது என்று தன் மனத்துள் தெளிய வேண்டும். முக்கியமானதையும் துணையானதையும் பிரிக்க வேண்டும். 'பயிர்' என்று பொதுவாக எழுதுவதா, 'நெல்' என்று எழுதுவதா, 'குறுவை நெல்' என்று எழுதுவதா என்று எண்ண வேண்டும். பொதுச்சொல் இட்டால் ஆயிரம் பக்கங்கள் வந்து நிற்கும். மிகக் குறுகிய சொல் இட்டால் எவரும் அதனைத் தேடமாட்டார். பக்கத்திலிருக்கும் தோழன் வேறு சொல் இட்டிருந்தால், எது பொருத்தம் என்று இருவரும் வாதிடுவர். இந்த வாதமே கல்வி. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் இது கிடைப்பதில்லை.

சீர்காழி தந்த வழிகாட்டி

நூல்களை வகைப்படுத்தும் கலையில் உலகுக்கு வழிகாட்டிய பேரறிஞர் நம் மண்ணில் தோன்றியவர். 1892-ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் கணித ஆசிரியராக இருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துறைக்குரிய ஐந்து விதிகளை 1931-இலும், கோலன் வகைப்பாட்டை 1933-இலும் நூலாக வெளியிட்டார். படிப்பவரின் காலத்தைச் சேமித்துக் கொடு என்பது அவ்வைந்து விதிகளுள் ஒன்று. 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கும் ரங்கநாதன் அவர்களின் முயற்சியே வித்திட்டது. இன்றும் ஊராட்சிகளில் வீட்டு வரியோடு சேர்த்து நாம் நூலக வரி வசூலிப்பது அச்சட்டத்தின் வழியே ஆகும்.

எந்தப் பொருளையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து கூறுகளாகப் பகுத்துக் காணலாம் என்று ரங்கநாதன் கூறினார். நூலகருக்கு அது நுட்பமான கலை. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு அதனை எளிய வினாக்களாக ஆக்கிக் கொடுக்கலாம். எதைப் பற்றியது? அதில் எப்பகுதி? என்ன செயல்? எவ்விடம்? எப்பருவம்? புகையான் பற்றிய கட்டுரைக்கு நெல், அடித்தூர், பூச்சித் தடுப்பு, தஞ்சை, குறுவை என்று விடைகள் வந்துவிடும். அவற்றோடு 'புகையான்' என்ற ஊர்ச்சொல்லையும் சேர்த்துவிட்டால், அறிஞர் முறையும் மக்கள் முறையும் ஒன்றாகின்றன. சர்வே எண்ணும் ஊர்ப் பெயரும் ஒரே நிலத்தின் மேல் நிற்பதுபோல இவையும் ஒரே கட்டுரையின் மேல் நிற்கும்.

நம் மாநிலத்தில் 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அக்கட்டத்தைக் காட்டினால் அப்பாடத்துக்குரிய காணொளி வருகிறது. இது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் அது மேலிருந்து இடப்பட்ட குறி. நம் ஊர் ஏரியின் மதகு எவ்வாறு இயங்குகிறது, நம் மண்ணுக்கு எந்த விதை ஏற்றது என்பதைப் பற்றிய பக்கங்களுக்குக் கீழிருந்துதான் குறி இட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தமிழில் செய்திகள் உள்ளன. அவற்றுள் நம் ஊருக்குப் பொருந்துவன எவை என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்?

ஒரு பெரிய எச்சரிக்கை

இனி, டெலிஷியஸ் சேவைக்குப் பின்னர் நேர்ந்ததைக் கூறுவோம். 2005-ஆம் ஆண்டு இறுதியில் யாஹூ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 2010-ஆம் ஆண்டு டிசம்பரில், யாஹூ கைவிட எண்ணும் சேவைகளுள் அதுவும் ஒன்று என்ற செய்தி கசிந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிகள் அழிந்துவிடுமோ என்று மக்கள் அஞ்சி, தம் பட்டியல்களைப் படி எடுத்துக்கொண்டு வேறிடங்களுக்கு ஓடினர். 2011-இல் அது மற்றொருவர் கைக்கு மாறிற்று. 2017-ஆம் ஆண்டில் 'பின்போர்டு' என்னும் போட்டிச் சேவை அதனை வாங்கிற்று. புதிதாக எதுவும் சேர்க்க இயலாமல், பழையவற்றைப் பார்க்க மட்டும் இயலும் நிலையில் அதனை வைத்தது. ஆராய்ச்சியாளருக்கென 2004-ஆம் ஆண்டில் தோன்றிய 'சைட்யூலைக்' என்ற சேவையும் 2019-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

ஆசிரியர் ஒருவரின் கைப்பேசியில் இருந்த பட்டியல் அவர் மாற்றலோடு போயிற்று. இலட்சக்கணக்கானோர் சேர்த்த பட்டியலோ நிறுவனத்தின் கணக்கு வழக்கோடு போயிற்று. இரண்டும் ஒரே பாடத்தைத்தான் போதிக்கின்றன. விதை நெல் முழுவதையும் ஒரே வீட்டில் வைத்தல் நன்று அன்று. அறிவுக்கும் அதே விழிப்பு வேண்டும்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

இதற்காகப் பெரிய நிதியோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. உங்கள் ஊர் நூலகம் நன்கு இயங்குமாயின் அங்கேயே இப்பணியைத் தொடங்கலாம். பூட்டிக் கிடக்குமாயின், அதனைத் திறப்பதற்கு இதுவே ஒரு காரணம் ஆகட்டும். நாங்கள் கூறும் முறை வருமாறு:

1. நூலகத்தில் ஒரு 'குறிச்சொல் பதிவேடு' வைக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பு, முகவரி, ஒரு வரி விளக்கம், எந்த வகுப்பினருக்கு ஏற்றது, குறிச்சொற்கள், குறித்த நாள் என்று ஆறு கட்டங்கள் போதும். இணையப் பக்கங்களோடு நூலகத்தில் உள்ள புத்தகங்களையும் இதில் சேர்க்கலாம்.

2. இதே பதிவேட்டைக் கணினியிலோ கைப்பேசியிலோ பகிரப்பட்ட விரிதாளாகவும் வைக்க வேண்டும். பள்ளியில் ஒரு படியும், நூலகத்தில் ஒரு படியும், ஊராட்சி அலுவலகத்தில் ஒரு படியும் இருத்தல் நலம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிகளைப் புதுப்பிக்க வேண்டும்.

3. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று முதல் ஐந்து குறிச்சொற்கள் இடுதல் போதுமானது. அவற்றுள் ஒன்றேனும் நூல்வழக்குச் சொல்லாகவும், ஒன்றேனும் ஊர்வழக்குச் சொல்லாகவும் இருக்க வேண்டும்.

4. சொற்களை வேற்றுமை உருபு சேர்க்காமல் எழுத வேண்டும். ஒருவர் 'நெல்லில்' என்றும், மற்றொருவர் 'நெல்லுக்கு' என்றும் எழுதினால் பொறி அவற்றை வெவ்வேறாகக் கொள்ளும். 'நெல்' என்றே எழுதுதல் தகும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்தையும் இங்கே தவிர்க்க வேண்டும்; அதற்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் உண்டு.

5. மாணவர் பெயர், முகவரி, படம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பொதுப் பட்டியலில் எழுதவே கூடாது. வகுப்பைக் குறித்தால் போதும்.

6. ஆசிரியர் ஒருவரும் நூலகரும் மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்வையிட வேண்டும். மறைந்துபோன பக்கங்களையும், விளம்பரத்துக்காக நுழைக்கப்பட்டவற்றையும், பொய்ச் செய்திகளையும் நீக்க வேண்டும். மருந்து, உரம் பற்றிய செய்தியாயின், வேளாண் அலுவலரைக் கேட்டபின்னரே சேர்க்க வேண்டும்.

7. உழவர்களும் தாய்மார்களும் வந்து சொல்லும் ஊர்ச்சொற்களை மாணவர் எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரும் இவ்வாறு குறிச்சொல் இடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. அக்குழுவின் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். கிராம சபை கூடும்போது, அவ்வாண்டு எத்தனை பக்கங்கள் சேர்ந்தன, எவை பயன்பட்டன என்று ஒரு மாணவியைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிப்பதுபோல அறிவுக் கணக்கையும் படிப்பது ஊராட்சிக்குப் பெருமை தரும்.

முடிவாக ஒன்று

ஏழாவதாகக் கூறியதை மட்டும் மீண்டும் வற்புறுத்த விரும்புகிறோம். வயலுக்கும், வாய்க்காலுக்கும், பூச்சிக்கும், காற்றுக்கும், மண்ணின் பதத்துக்கும் நம் முதியவர்கள் எத்தனையோ பெயர்களை வழங்கி வருகின்றனர். அவற்றுள் பல, நூல்களில் ஏறவில்லை. இணையத்தில் தேடும் பிள்ளை அச்சொற்களால் எதையும் காண இயலாவிடில், 'என் தாத்தாவின் சொல்லுக்குக் கல்வியில் இடமில்லை' என்றே எண்ணுவான். பின்னர் அச்சொல்லையும் விடுவான்; சொல்லோடு அதிலடங்கிய அறிவையும் விடுவான். அதற்கு மாறாக, தாத்தா சொன்ன சொல்லைத் தன் கையால் எழுதி, அச்சொல்லைத் தொட்டவுடன் பல்கலைக்கழகத்தின் கட்டுரை வந்து நிற்பதைக் கண்டால், இரண்டு அறிவும் ஒன்றே என்று உணர்வான்.

ஆகவே, உங்கள் ஊருக்குத் திரும்பியவுடன் ஒரு வெற்றுப் பதிவேட்டை வாங்கி நூலகத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் முதல் குறிச்சொல்லை ஊரின் மூத்த உழவர் ஒருவர் சொல்ல, பள்ளிப் பிள்ளை ஒருவர் எழுதட்டும். மற்றவை தாமே தொடரும் என்பது எங்கள் நம்பிக்கை.